அறுபதும் பதினைந்தும்

கீலிகூரா. சந்தியாகோவின் வடக்கு ஓரம்.
பள்ளியில் துடைப்பம் வைக்கும் அறையைக் காலி செய்து
இதுதான் உங்கள் ஆய்வகம் என்றார்கள்.
ஜூன் மாதக் குளிர். பாரஃபின் அடுப்பின் நெடி.
மடிக்கணினித் திரையில் புள்ளிகள்
மின்னி மறையும், நீலமும் மஞ்சளும்.
எது அதிகம்?
எண்ணக் கூடாது.
எண்ண நேரமும் கிடையாது,
கண் சிமிட்டினால் போயிற்று.

கஸ்பார் உதட்டைக் கடித்தான்.
பத்துக்கு இருபது வந்தாலே தடுமாற்றம்.
"நீலம்... இல்லை, இல்லை...
காசு சுண்டிப் பார்க்கட்டுமா?"
ஆனால் ஏழாம் வாய்ப்பாடு அவன் வாயில்
நிறுத்தம் இல்லாத ரயில்.
கணக்குத் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு.

ரோஸ்மிகா தெசீரின் கால்
நாற்காலியிலிருந்து தரைக்கு எட்டவில்லை.
ஒன்பதுக்குப் பத்து,
எனக்கே பிடிபடாத வித்தியாசம்,
அதைப் பல்லி பூச்சியைக் கவ்வுவதுபோல் கவ்வினாள்.
மஞ்சள். மஞ்சள். நீலம்.
அறுபது திரைக்கு இரண்டே தவறு.
அதுவும் ஒன்று தும்மலால்.
கணக்குத் தேர்வில் நாற்பதுக்குப் பதினொன்று.

பேராசிரியர் ஓயார்சூனின் கருதுகோள் எளியது:
அளவை மோப்பம் பிடிக்கும் பிள்ளை
கணக்கிலும் கெட்டி.
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை
வரைபடத்தில் புள்ளியாக வைத்து
நடுவே கோடு இழுத்தேன்.
கொசுக்கூட்டத்தின் ஊடே கட்டிய நூல்.
ஏறுகிறது, பொய்யில்லை. கொஞ்சம்தான்.
வலது கீழ்மூலையில்
கோட்டோடு கோபித்துக்கொண்டு ஒரு புள்ளி.
"விலகல். எடுத்துவிடலாமா, பார்"
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினார்.

எடுப்பதற்கு முன் அவள் விடைத்தாளைப் பிரித்தேன்.
எழுபத்தைந்து என்று நான் வாசித்த இடத்தில்
6015.
எழுபத்திரண்டுக்கு 6012.
தொண்ணூற்றாறுக்கு
42016 என்று நீட்டமாக ஒன்று.
எல்லாவற்றின் மேலும்
என் சிவப்புப் பேனாவின் பெருக்கல் குறி.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவள் அம்மா,
சாக்லேட் வேஃபர் விற்பவள்,
விற்காததைப் பெட்டியில் அடுக்கியபடி முணுமுணுத்தாள்:
ஸ்வாசான்கேன்ஸ்.
என்னம்மா அது?
ஸ்வாசான், அறுபது. கேன்ஸ், பதினைந்து.
"அறுபதும் பதினைந்தும். ஹைத்தியில் வேறெப்படிச் சொல்வது?"
என்று என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள்.
ஒரு வேஃபர் வாங்கிக்கொண்டேன்.
எழுபத்து நான்கு. அதாவது
அறுபதும் பதினாலும்.

வீடு போகும் வழியெல்லாம்
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு யோசித்தேன்.
நான் ஸ்பானிய மொழியில் சொன்ன எண்ணை
அவள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்
அங்கே எப்படி உட்காருமோ அப்படி உட்காரவைத்துத்
தாளில் இறக்கியிருக்கிறாள்.
ஒரு கடலைப் போகவும் வரவும் கடந்த பிள்ளைக்கு
நான் போட்டது சுழி.
கண்ணுக்கு எந்த மொழியும் இல்லை.
நாக்குக்கு இருக்கிறது. பென்சிலுக்கும்.

சரி. அப்படியானால் கஸ்பார்?
அவனுக்குக் குறுக்கே கடலும் இல்லை, மொழியும் இல்லை.
இருட்டில் தடவுகிறவன்
வெளிச்சத்தில் எப்படி ஓடுகிறான்?
எனக்குத் தெரியவில்லை.
வரைபடத்துக்கும் தெரியவில்லை.

"எடுக்க மாட்டேன்" என்று பதில் எழுதி
இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மழை.
மழை என்றால் சோப்பாய்பீயா,
பூசணி மாவில் பொரித்த வட்டம் வட்டமான அப்பம்.
சமையற்காரர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தார்.
பிள்ளைகள் சுவரோரம் வளைந்து நெளிந்து நின்றார்கள்.
என் பக்கத்தில் நின்ற ரோஸ்மிகா
தாம்பாளத்தை ஒருமுறை, வரிசையை ஒருமுறை பார்த்தாள்.
"பத்தாது" என்றாள்.

நான் விரல் நீட்டி, உதடு அசைத்து,
ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தாறில் குழம்பி
மறுபடி முதலிலிருந்து.
இருபத்தொன்பது அப்பம்.
முப்பத்தொரு பிள்ளை.

திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை.
வரிசையின் முன்னால் போய்
மூன்றாவதாக நின்றிருந்தாள்.